ஒரே ஜீன், ஏழு ஸ்டார்ட்டிங் பாயின்ட்: டி.எம்.டி ரிப்போர்ட்டில் சேர வேண்டிய அந்த ஒரு வரி!

முதல் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் மாடிப்படி ஏறத் திணறுகிறான். தரையில் உட்கார்ந்தால் முழங்காலில் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறான். கெண்டைக்கால் சதை மட்டும் குண்டாகத் தெரிகிறது. "நல்லாத்தானே இருக்கான், போகப் போக சரியாகிடும்" என்கிறார் பாட்டி. ஆனால் சரியாகவில்லை. ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஜீன் டெஸ்ட். ரிப்போர்ட் வருகிறது: டூஷென் தசைச்சிதைவு நோய். சுருக்கமாக டி.எம்.டி.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாருடைய கண்ணும் அவன் கால் மேல்தான். பிசியோதெரபி, ஸ்டீராய்டு மாத்திரை, வீல்சேர் எந்த வயதில் தேவைப்படும் என்ற பயம். இதற்கு நடுவே ஸ்கூலில் இருந்து வேறொரு புகார் வருகிறது. "நாலு விஷயம் சேர்த்து சொன்னா, ரெண்டை மறந்துடுறான் மேடம். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கஷ்டப்படுறான்." உடம்பு முடியாத பிள்ளை, மனசும் உடைஞ்சிருக்கும், லீவும் அதிகம்... பெற்றோர் தங்களுக்குத் தாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால் டி.எம்.டி உள்ள பல வீடுகளுக்கு இது பழக்கமான கதை. அந்தப் பையன் படிக்கத் திணறுவதற்குக் காரணம் சோகமோ லீவோ மட்டும் அல்ல. காலைப் பலவீனமாக்கிய அதே ஜீனே அதற்கும் காரணமாக இருக்கலாம். அதற்கான துப்பு, கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலேயே ஒரு எண்ணாக ஒளிந்திருக்கிறது. அதை யாராவது படித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அது எப்படி என்று புரிய, ஸ்கூலில் படித்த ஒரு பாடத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு ஜீன் என்றால் ஒரே வேலைதானா?

"ஒரு ஜீன், ஒரு என்ஸைம்." ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும் 1941-ல் ரொட்டிப் பூஞ்சையை வைத்து நடத்திய ஆய்வில் இருந்து வந்த கருத்து இது. 1958-ல் இருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. அது பெரிய பாய்ச்சல்தான். பிரச்னை என்னவென்றால், பொதுப்புத்தியில் நாம் இன்னமும் அங்கேயே நிற்கிறோம். "சுகர் ஜீன்", "கேன்சர் ஜீன்", "குண்டு ஜீன்" என்று பேசும்போதெல்லாம், ஒரு ஜீனுக்குள் ஒரே ஒரு ஆர்டர் எழுதியிருப்பது போலத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

மனித உடலில் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு வகைப் புழுவுக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான்! இவ்வளவு சிக்கலான மனித உடல் இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறது? அதற்குப் பல பதில்கள் உண்டு. அதில் ஒன்று, ஒரே ஜீனைப் பல இடங்களில் இருந்து படிக்கத் தொடங்குவது.

டி.என்.ஏ-வில் இருக்கும் தகவல் நேரடியாகப் புரதமாக மாறிவிடாது. முதலில் அதை ஆர்.என்.ஏ என்ற நகலாக எடுக்க வேண்டும். அந்த நகலைப் பார்த்துத்தான் செல் புரதத்தைத் தயாரிக்கும். நகல் எடுக்கும் என்ஸைம் கண்ட இடத்தில் வேலையைத் தொடங்காது. "இங்கிருந்து ஆரம்பி" என்று காட்டும் ஒரு பகுதி டி.என்.ஏ-விலேயே இருக்கும். அதன் பெயர் புரொமோட்டர்.

ஒரு ஜீனுக்கு ஒரு புரொமோட்டர்தான் இருக்கும் என்றுதான் நாம் படித்தோம். ஆனால் மனித ஜீன்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட புரொமோட்டர்கள் இருக்கின்றன. எந்தப் புரொமோட்டர் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதை அந்தந்த செல் முடிவு செய்கிறது. தசை செல் ஒன்றைத் திறக்கும். மூளை செல் வேறொன்றைத் திறக்கும். ஜீன் ஒன்றுதான். வெளியே வரும் ஆர்.என்.ஏ வேறு வேறு.

எழும்பூரில் ஏறலாம், மதுரையிலும் ஏறலாம்

சிம்பிளாகச் சொன்னால், இது சென்னை எழும்பூரில் இருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ரயில் மாதிரி. எழும்பூரில் ஏறுபவர் முழுப் பாதையையும் பார்ப்பார். திருச்சியில் ஏறுபவர் பாதியைத்தான் பார்ப்பார். திருநெல்வேலியில் ஏறுபவருக்குக் கடைசித் துண்டு மட்டும்தான். ஆனால் எல்லாரும் இறங்குவது ஒரே இடத்தில்.

டி.எம்.டி-க்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் ஜீன் இந்த ரயில் பாதைக்கு அப்படியே பொருந்தும். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இது மனித ஜீன்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. சுமார் 22 லட்சம் எழுத்துகள். ஒரு முறை முழுதாக நகல் எடுக்கவே ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகும். நகல் எடுத்த பிறகு தேவையில்லாத பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, எக்ஸான் எனப்படும் 79 துண்டுகளை ஒட்டினால், மிஞ்சுவது வெறும் 14,000 எழுத்துகள்தான்.

இந்த ஜீனுக்கு ஏழு புரொமோட்டர்கள். முதல் மூன்றும் பாதையின் ஆரம்பத்திலேயே, எழும்பூர், மாம்பலம், தாம்பரம் மாதிரி வரிசையாக இருக்கின்றன. ஒன்று மூளையின் புறணிப் பகுதியில் வேலை செய்யும். அடுத்தது தசையிலும் இதயத்திலும். மூன்றாவது சிறுமூளையில் இருக்கும் பர்கின்ஜி செல்களில். மூன்றில் எதில் இருந்து தொடங்கினாலும் கிட்டத்தட்ட ஒரே முழுநீளப் புரதம்தான் கிடைக்கும். அதன் எடையை வைத்து டிபி427 என்று பெயர்.

மற்ற நான்கும் பாதையின் நடுவே ஏறும் ஸ்டேஷன்கள். 29-வது எக்ஸானுக்குப் பிறகு இருக்கும் விழுப்புரத்தில் ஏறினால் டிபி260. இது கண்ணின் விழித்திரைக்கானது. 44-வது எக்ஸானுக்குப் பிறகு, திருச்சி. அங்கே டிபி140, முக்கியமாகக் கருவில் வளரும் மூளையிலும் சிறுநீரகத்திலும். 55-க்குப் பிறகு, மதுரை. அங்கே டிபி116, கை கால் நரம்புகளைச் சுற்றியிருக்கும் செல்களில். 62-க்குப் பிறகு, திருநெல்வேலி. அங்கே டிபி71. உடலின் பல பாகங்களில் கிடைக்கும் இந்தக் குட்டிப் புரதம்தான், வளர்ந்த மூளையில் இந்த ஜீனில் இருந்து வரும் வடிவங்களிலேயே அதிகம்.

ஆக, "தசை ஜீன்" என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஜீன் மூளைக்கும் கண்ணுக்கும் நரம்புக்கும்கூட வேலை பார்க்கிறது.

தண்டவாளம் எங்கே உடைந்தது என்பதுதான் கேள்வி

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். தாம்பரத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே தண்டவாளம் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஏறியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் திருச்சியில் ஏறுபவருக்கும் திருநெல்வேலியில் ஏறுபவருக்கும் பிரச்னை இல்லை. அதே உடைப்பு திருநெல்வேலியைத் தாண்டி இருந்தால்? யாருமே கன்னியாகுமரி போய்ச் சேர முடியாது.

ஜீனிலும் இதேதான். 10-வது எக்ஸானில் பெரிய பிழை உள்ள பையனுக்கு முழுநீள டிஸ்ட்ரோஃபின் கிடைக்காது. தசை பாதிக்கப்படும். ஆனால் டிபி140-யும் டிபி71-உம் தப்பிக்கும். 65-வது எக்ஸானில் அதே மாதிரி பிழை உள்ள பையனுக்கு எல்லா வடிவங்களும் சிக்கலில். தசையைப் பொறுத்தவரை இருவருக்கும் ஒரே நோய், ஒரே பெயர். மூளையைப் பொறுத்தவரை இருவரும் வேறு வேறு.

இது வெறும் ஊகம் இல்லை. பிழை ஜீனின் பின்பகுதியை நோக்கிப் போகப் போக, அதாவது டிபி140-யும் டிபி71-உம் பாதிக்கப்படும்போது, கற்றல் சிரமங்களும் அறிவுசார் குறைபாடும் அதிகமாகக் காணப்படுகின்றன என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டிபி71 போனால் பாதிப்பு பெரும்பாலும் கடுமையாக இருக்கிறது. ஒரே ஒரு ஆறுதல் என்னவென்றால், தசை பலவீனம் போல இது வருடா வருடம் மோசமாகிக்கொண்டே போவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்ப பயிற்சி கொடுத்தால் பலன் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த பிரெஞ்சு டாக்டர் டூஷென், 1861-ல் இதை முதலில் விவரித்தபோதே மூளையில் இருந்து வரும் நோய் என்றுதான் நினைத்தார். பிறகு தசைதான் மையம் என்று தெளிவானது. அது சரிதான். ஆனால் அவர் அந்தக் குழந்தைகளிடம் கவனித்த மூளைப் பாதிப்பைப் புரிந்துகொள்ள, அந்த ஜீன் கண்டுபிடிக்கப்பட்டு அதன் புரொமோட்டர்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிஸ்ட்ரோஃபினுக்குப் பெயர் வைக்கப்பட்டதே 1987-ல்தான்.

இதயம் மட்டும் தோற்கும் விசித்திரம்

புரொமோட்டர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே ஜீனில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. சில குடும்பங்களில் ஆண்களுக்கு டீன்ஏஜிலோ இருபதுகளிலோ இதயம் வீங்கிப் பலவீனமாகிவிடும். ஆனால் கை, கால் தசைகளில் பெரிய பிரச்னை இருக்காது. 1990-களில் காரணம் தெரிந்தது. இவர்களில் சிலருக்கு டிஸ்ட்ரோஃபின் ஜீனின் தசைப் புரொமோட்டர் பகுதியே காணாமல் போயிருந்தது.

அப்படியென்றால் கால் தசையும் போயிருக்க வேண்டுமே? இங்கேதான் ட்விஸ்ட். தசைப் புரொமோட்டர் இல்லாத நிலையில், கால் தசைகள் மூளைக்கான புரொமோட்டரையும் பர்கின்ஜி புரொமோட்டரையும் திறந்து, அதன் வழியாக முழுநீளப் புரதத்தைத் தயாரித்துக்கொண்டன. எழும்பூர், மாம்பலம், தாம்பரம் மூன்றில் ஒன்று மூடினால் மற்ற இரண்டில் ஏறிக்கொள்வது மாதிரி. ஆனால் இதயத் தசையால் அப்படி மாற்றி ஏற முடியவில்லை. அதனால் இதயம் மட்டும் தோற்றது.

"ஜீன் கெட்டுப்போச்சு" என்ற ஒரு வரி இந்தக் கதையில் எதையுமே விளக்காது. எந்தப் புரொமோட்டர், எந்த உறுப்பு என்று கேட்டால்தான் விளங்கும்.

டிஸ்ட்ரோஃபின் மட்டும் விதிவிலக்கா?

இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ஒரு ஜீன், ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கும் சி.டி.கே.என்.2ஏ. இதற்கு இரண்டு புரொமோட்டர்கள். ஒன்றில் இருந்து தொடங்கினால் பி16 என்ற புரதம். மற்றதில் இருந்து தொடங்கினால் ஏ.ஆர்.எஃப் என்ற புரதம். இரண்டும் நடுவில் ஒரே எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரிக்கும் இடம் மாறுவதால் அர்த்தமே மாறிவிடுகிறது. தமிழ் இலக்கணத்தில் பொதுமொழி படித்தோமே, "பலகை" என்று சேர்த்தால் ஒரு பொருள், "பல கை" என்று பிரித்தால் வேறு பொருள், அது மாதிரி. இரண்டு புரதங்களும் செல் கட்டுப்பாடின்றிப் பெருகுவதைத் தடுப்பவைதான். ஆனால் வழிகள் வேறு. அந்த இடத்தில் ஒரு பெரிய துண்டு போனால் இரண்டு காவலாளிகளும் ஒரே நேரத்தில் காலி.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் என்ஸைமின் ஜீன். நஞ்சுக்கொடிக்கு ஒரு புரொமோட்டர், சூலகத்துக்கு ஒன்று, கொழுப்புத் திசுவுக்கு ஒன்று. வெளியே வரும் புரதம் எல்லா இடத்திலும் ஒன்றேதான். மாறுவது சுவிட்ச் மட்டும். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி இருக்கும்போது, அதைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசு தன் வழக்கமான சுவிட்சை விட்டுவிட்டு, சூலகம் பயன்படுத்தும் சுவிட்சுக்கு மாறிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி எகிறுகிறது. கட்டிக்கு அதுவே தீனியாகிறது. ஜீனில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, தொடங்கும் இடம்தான் மாறியது!

அப்போ என்ன செய்யலாம்?

டி.எம்.டி உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம், ஜீனில் ஒன்றோ பலவோ எக்ஸான்கள் விடுபட்டுப் போவது. 79 எக்ஸான்களையும் எண்ணிப் பார்க்கும் டெஸ்ட்டே முதலில் செய்யப்படுகிறது. அதனால் எந்த எக்ஸானில் இருந்து எந்த எக்ஸான் வரை இல்லை என்பது ரிப்போர்ட்டிலேயே எண்ணாக இருக்கும். வழக்கமாக அந்த எண்ணை வைத்து இரண்டு விஷயங்கள் பேசப்படும். நோய் கடுமையான டூஷென் வகையா, மிதமான பெக்கர் வகையா? குறிப்பிட்ட மருந்து பொருந்துமா?

மூன்றாவதாக ஒரு வரி சேர வேண்டும். "இந்தப் பிழையால் டிஸ்ட்ரோஃபினின் இன்னின்ன வடிவங்கள் பாதிக்கப்படலாம். கற்றல் திறனையும் பார்வையையும் பரிசோதிக்கவும்." இதற்குப் புது மெஷின் வேண்டாம். புது டெஸ்ட் வேண்டாம். கூடுதல் ரத்தம்கூட வேண்டாம். ஏற்கெனவே கையில் இருக்கும் எண்ணை, ஏற்கெனவே தெரிந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு எழுதினால் போதும்.

"பெற்றோர் ஏற்கெனவே இடிந்துபோயிருப்பார்கள். இதையும் சொல்லிக் குழப்ப வேண்டுமா?" என்று ஒரு தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. பிழை இருக்கும் இடம் ஜாதகம் அல்ல என்பதும் உண்மை. டிபி140 பாதிக்கப்பட்டும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. முன்பகுதியில் மட்டும் பிழை இருந்தும் திணறுபவர்கள் உண்டு. முழுநீள டிஸ்ட்ரோஃபினுக்கே மூளையில் வேலை இருக்கிறதே! எல்லா ஜீனிலும் கிடைக்கும் எல்லா ஆர்.என்.ஏ வடிவங்களுக்கும் அர்த்தம் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. சில வடிவங்கள் செல்லின் வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம்.

ஆனால் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த வெற்றிடத்தை "சோம்பேறி", "அடம்", "கவனமில்லை" என்ற வார்த்தைகள் நிரப்பும். ஏற்கெனவே ஓட முடியாத ஒரு பையன், படிக்காததற்காகத் திட்டும் வாங்குவான். உயிரியல் காரணம் இருக்கும் ஒரு சிரமத்தைக் குணத்தின் குறையாகப் பார்ப்பதைவிட, "இருக்கலாம், ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுவோம்" என்று சொல்வது எவ்வளவோ மேல். 2018-ல் வெளியான டி.எம்.டி-க்கான சர்வதேச சிகிச்சைப் பரிந்துரைகளும், தசையோடு சேர்த்து மனநலம், கற்றல், நடத்தை ஆகியவற்றையும் கவனிக்கச் சொல்கின்றன.

நம் ஊரில் இதற்கு ஒரு சட்டப் பலனும் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதில் தசைச்சிதைவு ஒரு வகை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இன்னொரு வகை. அறிவுசார் குறைபாடு மற்றொன்று. தசைச்சிதைவுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டு நிற்கும் குடும்பத்துக்கு, பையனின் வாசிப்புச் சிரமத்துக்கும் தனியாக உதவி கேட்க முடியும் என்பது தெரியாமலே போகலாம். பரிசோதித்தால்தானே கேட்க முடியும்?

26 கோடி மருந்தும் சொல்லாத விஷயம்

புதிய மருந்துகளைப் பற்றிப் பேசும்போதும் இந்தக் கேள்வி தேவை. டி.எம்.டி-க்கான முதல் ஜீன் தெரபிக்கு 2023 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை 32 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய். 2025-ல் அதைப் பெற்ற நோயாளிகள் சிலர் கல்லீரல் செயலிழந்து இறந்ததை அடுத்து, அதன் பாதுகாப்பு பற்றியும் கடுமையான கேள்விகள் எழுந்தன.

அந்த மருந்தின் வடிவமைப்பைப் பாருங்கள். ஜீனைச் சுமந்து செல்லும் வைரஸுக்குள் சுமார் 4,700 எழுத்துகள்தான் அடங்கும். அதனால் டிஸ்ட்ரோஃபினின் சுருக்கிய பதிப்பு ஒன்றைத் தயாரித்து உள்ளே வைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு புரொமோட்டரையும் பொருத்துகிறார்கள். தசையிலும் இதயத்திலும் மட்டும் வேலை செய்யும்படி தேர்ந்தெடுத்த புரொமோட்டர் அது. மூளைக்கான டிபி140-யோ டிபி71-யோ அதில் இல்லை.

இது மருந்தின் குறை என்று சொல்வதற்கில்லை. உயிரைப் பறிப்பது தசையும் இதயமும்தான், எனவே முதலில் அங்கே போவது சரியான முடிவு. ஆனால் "ஜீனையே சரிசெய்துவிட்டார்கள்" என்று தலைப்பு வைக்கும்போது, கிரவுட் ஃபண்டிங்கில் பணம் திரட்டும் பெற்றோர் அதை முழுக் குணம் என்று புரிந்துகொள்வார்கள். ஏழு தொடக்கங்களில் ஒன்றின் வேலையை, அதையும் சுருக்கி, திருப்பிக் கொடுக்கும் முயற்சி இது. அப்படிச் சொல்வதுதான் நேர்மை.

ஜீன் டெஸ்ட் இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கும் பொருளாகிவிட்டது. எந்த ரிப்போர்ட் கைக்கு வந்தாலும், "இந்த ஜீனில் பிழை இருக்கு" என்ற வரியோடு நிற்க வேண்டாம். பிழை ஜீனில் எங்கே இருக்கிறது? அதனால் எந்தெந்த வடிவங்கள் பாதிக்கப்படும்? அவை எந்தெந்த உறுப்பில் வேலை செய்பவை? இந்த மூன்று கேள்விகளை டாக்டரிடமோ ஜெனடிக் கவுன்சலரிடமோ கேட்கலாம். எல்லா ஜீனுக்கும் பதில் கிடைக்காது. ஆனால் டிஸ்ட்ரோஃபினுக்குப் பதில் இருக்கிறது.

அந்த முதல் வகுப்புப் பையனுக்குத் தேவை, அவன் காலைப் பார்ப்பவர்கள் அவன் நோட்டுப் புத்தகத்தையும் ஒரு முறை திறந்து பார்ப்பதுதான். அதற்கு அவன் ரிப்போர்ட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.